வெள்ளிக்கிழமை பார்த்துப் போனேன்

செங்கல்பட்டுக்குப் புதன்கிழமை காலையே வந்து சேர்ந்துவிட்டேன். ஆனால் தம்பி வீட்டுக்குப் போவது வெள்ளிக்கிழமைதான் என்று மஸ்கட்டில் பெட்டி கட்டும்போதே முடிவு செய்திருந்தேன். நடுவில் இரண்டு நாள் எதற்கு என்று கேட்கவேண்டியவர் என் கணவர். அவர் என்னிடம் கேட்டுப் பயனில்லை என்பதை இருபத்தாறு வருட அனுபவத்தில் தெரிந்துகொண்டவர். பெட்டியை எடைபோட்டுக் கொடுத்தார்.

காரணம் இதுதான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நான் ஒருசந்தி இருப்பேன். நாள் முழுக்கப் பட்டினி, மாலையில் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வந்த பிறகு ஒருவேளைச் சாப்பாடு. திருச்சபை இவ்வளவு கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடாது என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. மஸ்கட் ஆஸ்பத்திரியில் என்னோடு நர்ஸ் வேலை பார்க்கும் நாஸ்ரா நோன்பு நாளில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதைப் பார்த்து, இவளுக்கு நான் குறைந்தவளா என்ற வீம்பில் தண்ணீரையும் விட்டேன். பக்தி என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன்.

கத்தோலிக்க வீட்டில் நுழைந்து, "இன்னைக்கு ஒருசந்தி" என்று சொல்லிவிட்டால் போதும். காபி வேண்டுமா, ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். தம்பி சகாயத்தின் வீட்டில் இனி கை நனைக்கமாட்டேன் என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் அத்தனை பேர் நடுவில் சொன்னவள் நான். வெள்ளிக்கிழமை போனால் அவனைப் பார்த்ததாகவும் இருக்கும், சொன்ன சொல்லும் காப்பாற்றப்படும். இதைவிட வசதியான நாள் வாரத்தில் கிடையாது.

அம்மா செத்தது தம்பி வீட்டில். நான் மஸ்கட்டிலிருந்து கிளம்புமுன் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அம்மாவை நாலு மணி வரை எனக்காக வைத்திரு என்று. சரி என்றான். விமானம் சரியாகத்தான் வந்தது, டாக்சியும் சரியாகத்தான் வந்தது. நான் வந்து இறங்கியபோது கல்லறையில் மண் மூடி மூன்று மணி நேரமாகியிருந்தது. தம்பி வீட்டு வாசல் கேட்டைத் தாண்டி நான் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு அதே டாக்சியில் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு ஒரு போன்கூட இல்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முடிந்த வாரம் அவன் மனைவி ஸ்டெல்லா கூப்பிட்டாள். "அண்ணி, அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆவுது. ரெண்டு கிட்னியும் போச்சி. உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னாரு, நான் சொல்ட்டேன்." வார்டில் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டேன். கையில் யாரோ ஒரு நோயாளி அன்றைக்குக் குடித்த தண்ணீரின் அளவை எழுதிவைத்த தாள் இருந்தது. ஊரார் குடிக்கும் தண்ணீரையெல்லாம் அளந்து எழுதுவது என் பிழைப்பு. என் தம்பி ஆறு மாதமாக எத்தனை மடக்குக் குடிக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

செங்கல்பட்டு நான் பிறந்து வளர்ந்த ஊர். அப்பா ரயில்வேயில் இருந்தார். அந்த உரிமையில் ஸ்டேஷன் பக்கமே லாட்ஜ் எடுத்தேன். அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன், எழுந்துவிடுவேன். ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். மஸ்கட்டில் இப்போது ரமலான். இந்த வருடம் அவர்கள் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தன. அங்கே பகலில் தெருவில் ஒருவர் வாய் அசையாது. இங்கே ஸ்டேஷன் வாசலில் இறங்கினால் மசால்வடை, சமோசா, பிரியாணி, வேர்க்கடலை, எல்லோர் வாயும் அசைந்துகொண்டே இருக்கிறது. பட்டினி கிடப்பதற்கு மஸ்கட்தான் தோதான ஊர் என்று தோன்றியது.

புதன்கிழமை எனக்குப் பட்டினி நாள் இல்லை. மெஸ்ஸில் சாப்பாடு வாங்கினேன். சங்கரா மீன் குழம்பு, ரசம், அப்பளம் எல்லாம் இருந்தும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பரிமாறியவர் இலையைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, காரம் தூக்கலா கீதா?" என்றார். காரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாப்பிடலாம் என்ற நாளில் சாப்பிட முடியவில்லை, சாப்பிடக்கூடாத நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் மின்சார ரயிலில் ஏறிவிட்டேன். எங்கும் போகவேண்டியதில்லை. எதிரே கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள். ஒருத்தி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள், தான் தினமும் பதினாறு மணி நேரம் எதுவும் சாப்பிடுவதில்லை, ஒரு மாதத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டது, முகத்தில் களைகூட வந்துவிட்டதென்று அம்மா சொல்கிறாள் என்று. மற்றவள், "ஒனக்குப் பசிக்காதாடி?" என்று தமிழில் கேட்டாள். "ஆப்ல டைமர் ஓடிக்கினே இருக்கும், அதப் பாத்துக்கினே இருந்துடுவேன்" என்றாள் முதலாமவள்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது. நாமெல்லாம் ஆண்டவருக்காக இருக்கிறோம், இவள் இடுப்புக்காக இருக்கிறாள் என்று நினைத்தேன். கூடுவாஞ்சேரி வருவதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவளாவது மூன்று கிலோ குறைந்தாள். நான் முப்பது வருடமாக இருக்கிற ஒருசந்தியில் என்ன குறைந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் பிடிக்காததால் கூடுவாஞ்சேரியில் இறங்கி அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக லாட்ஜைக் காலி செய்தேன். செவ்வாய், வியாழன், சனி தம்பிக்கு டயாலிசிஸ், அதுவும் இதே செங்கல்பட்டில் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். நாலு மணி நேரம் அவன் ஒரு கட்டிலில் படுத்திருப்பான். நடந்தே போய்ப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதில் அவன் பஸ்ஸில் வந்து இறங்கும்போது எங்கே நேருக்கு நேர் பார்த்துவிடுவேனோ என்று பயந்து, மாமல்லபுரத்துக்கு ஓடினேன். ஒரு நர்ஸ் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான்.

ஓடினேன் என்பது பேச்சுக்கு. பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் புகைந்து நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் எறங்கிக்கோங்க, பின்னாடி வண்டி வரும்" என்றார். பின்னாடி வண்டி வந்தது, நிற்கவில்லை. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரோடு பத்தாவது ஆளாக நெருங்கி உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் மடியில் வெள்ளரிப்பிஞ்சைப் பிரித்து உப்பு மிளகாய் தூவி எனக்கும் ஒன்று நீட்டினாள். முன்பின் தெரியாதவள். மறுக்க ஒரு காரணமும் கிடைக்காமல் வாங்கித் தின்றேன். இரண்டு நாளில் எனக்கு ருசித்த ஒரே பண்டம் அதுதான்.

மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கல் யானைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கடற்கரைக் கோயில்வரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். டிக்கெட் கிழிப்பவர், "திரும்ப உள்ள போனா திரும்ப டிக்கெட்டுமா" என்றார். தம்பி வீடு அங்கிருந்து திருப்போரூர் போகும் வழியில் அரைமணி நேரம். அந்தப் பக்கம் போகும் பஸ் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தேன். எதிலும் ஏறவில்லை, ராத்திரிக்கு அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடற்கரைக்கு நடந்தேன். வாய் ஏற்கனவே உலர்ந்திருந்தது. படகுகள் வந்து நின்றிருந்தன, மீனைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் வயதே இருக்கும் ஒரு அம்மா, கூடையில் நெத்திலியும் இரண்டு வஞ்சரமும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னாமா, பாத்துகினே கீற. வஞ்சரம் எடுத்துக்கோ. வெள்ளிக்கெயம, உங்காளுங்க மீனுதான துன்னுவீங்க."

கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையைப் பார்த்திருப்பாள். "இன்னைக்கு நான் ஒண்ணும் சாப்பிடமாட்டேன், ஒருசந்தி" என்றேன் கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப நாளிக்கு. எங்க ஊட்டாண்ட வர மாதா கோயில்காரங்க எல்லாம் இந்த நாப்பது நாளும் கறியை வுட்டுட்டு மீனா துன்றாங்க. வெலையும் ஏறிக்கினுது. மீனு துன்னா அது இன்னா வெரதமோ போ." கூடையைத் திருப்பி வைத்தாள். "நாங்க அம்மனுக்கு மாலை போட்டா மீனை வுடணும். கடலாண்ட பொறந்துட்டு மீனு வாசன இல்லாத சோறு. மூணாம் நாளே பைத்தியம் புடிச்சிக்கும். உனுக்கு எது இல்லாம முடியாதோ அத வுடணும், அதான கணக்கு?"

அவள் எனக்கு உபதேசம் செய்யவில்லை. வஞ்சரத்தை விற்கப் பார்த்தாள், நான் வாங்கவில்லை, அந்த எரிச்சலில் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்குக் கறி இல்லாமல் முடியும், மீன் இல்லாமல் முடியும். வீம்பு பிடித்தால் தண்ணீர்கூட இல்லாமல் முடியும். சகாயத்தின் மேலிருக்கும் கோபம் இல்லாமல் ஒன்பது வருடத்தில் ஒரு நாள் இருந்திருக்கிறேனா என்று யோசித்தேன். இருந்ததில்லை. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்வேன், இருக்கிறதா என்று.

பதினோரு மணிவரை கடற்கரையிலேயே சுற்றிவிட்டு, நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகமுடியாதே என்று பழக்கடையில் நின்றேன். வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது, இளநீர் கூடவே கூடாது. கிட்னிக்காரனுக்கு ஆகாதவை எல்லாம் அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். நாலு ஆப்பிள் வாங்கினேன். அதையும் யோசித்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆட்டோ ஓட்டிய ஏழுமலை பேச்சுக்காரர். "நாஸ்தா ஆச்சாக்கா?" என்றார் ஏறும்போதே. ஆகவில்லை என்றதும் ஒரு கடை முன்னால் நிறுத்தி, "வாங்க, பொங்கல் நல்லாருக்கும்" என்று இறங்கிவிட்டார். விரதம் என்றேன். "கிருத்திகை இன்னைக்கு இல்லியே" என்று திருப்போரூர் முருகன் கணக்கில் யோசித்தார். பிறகு அவர் மட்டும் பொங்கல், வடை, இன்னொரு வடை என்று நிதானமாகச் சாப்பிட்டார். நெய் வாசனை ஆட்டோவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பட்டினி மனிதரைச் சாந்தமாக்கும் என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் எவரும் பட்டினி கிடந்ததில்லை. அது உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் வெளியே எடுத்துக் காட்டுகிறது. எனக்குள் என்ன இருந்தது என்று அந்தக் கால்மணி நேரத்தில் நன்றாகவே தெரிந்தது.

மனை விற்பனைப் பலகைகளும் கொடிகளுமாக இருந்த சாலையிலிருந்து உள்ளே திரும்பி, தம்பி வீட்டு வாசலில் இறங்கியபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அதே கேட். இந்தமுறை உள்ளே போனேன்.

ஸ்டெல்லா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சகாயம் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைவிட மூன்று வயது சின்னவன், என்னைவிடப் பத்து வயது மூத்தவனாகத் தெரிந்தான். முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே வீங்கி, இடது கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். அதில் பேனாவால் கோடுகள் போட்டிருந்தது. ஒரு நாளைக்கு அவன் குடிக்கலாம் என்ற தண்ணீர் அவ்வளவுதான் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"வா அக்கா" என்றான். அவ்வளவுதான்.

ஸ்டெல்லா தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவன் சொன்னான். "ஸ்டெல்லா, உள்ள எடுத்துட்டுப் போ. அக்கா ஒருசந்தி." குத்திக்காட்டுகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றுமில்லை. "வெள்ளிக்கெயமையா பாத்துதான் வருவேன்னு தெரியும்" என்றான்.

"நீ இருக்கியா ஒருசந்தி?" என்றேன், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல்.

"எனக்கு ஃபாதரு விலக்கு குடுத்துட்டாரு. டாக்டருதான் குடுக்கல." சிரித்தான். "தாகம்தான்க்கா பேஜாரு. பசிகூடத் தாங்கிடலாம். ராத்திரி கனவுல கொழாயத் தொறந்து வுட்டு அப்படியே நிக்கறேன்."

நான் அவன் கையை எடுத்துப் பார்த்தேன். நர்ஸாகத்தான் எடுத்தேன். நரம்பில் விரல் வைத்து ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை.

"அன்னைக்கி" என்று அவனே ஆரம்பித்தான். "காலையில அம்மாவ வெச்சிருந்த ஐஸ்பொட்டி நின்னுபோச்சி. வேற பொட்டி சாயந்தரம்தான் கெடைக்கும்ன்னாங்க. ஐஸ் வாங்கிப் போட்டு வெச்சிருக்கலாம். வேற எங்கனா கேட்டிருக்கலாம். ஒண்ணும் பண்ணல. எல்லாரும் எடு எடுன்னாங்க. பயந்துட்டேன், எடுத்துட்டேன். தப்புதான்."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க உள்ள வந்த?"

ஒன்பது வருடம் நான் சுமந்துவந்த குற்றச்சாட்டை அவனே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டுவிட்டான். ஒரு சாக்குகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

ஒரு மணிக்கு ஸ்டெல்லா அவனுக்குத் தட்டு வைத்தாள். சோறு, வேகவைத்து நீரை வடித்துவிட்டுத் தாளித்த காய், கொஞ்சம் முட்டை வெள்ளை. "மன்னிச்சிக்கங்க அண்ணி, அவரு நேரத்துக்குச் சாப்புடணும்" என்றாள். அவள் மெல்லச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டாள். அவன் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். உப்பில்லாத சோற்றை மருந்து சாப்பிடுவதுபோல் சாப்பிட்டான். என் வயிறு சத்தம் போட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

நம்மூரில் பகையாளி வந்தாலும் சாப்பிடுகிற நேரமென்றால் "சாப்புடறீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். அவன் கேட்கவில்லை. அவள் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் என் விரதத்தை மதித்தார்கள், என் சபதத்தையும் மதித்தார்கள். இரண்டையும் நான் ஒன்றாக முடிந்து கொண்டுவந்து அவர்கள் கூடத்தில் வைத்திருந்தேன். இதற்காகத்தான் வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தேன். நான் திட்டமிட்டபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் கால்மணி நேரத்தில் அவன் கை கழுவிவிடுவான், நான் எழுந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அடுத்த தவக்காலத்துக்கு இவன் இருப்பானா என்று ஒரு நர்ஸ் தன்னையே கேட்டுக்கொள்ளக்கூடாத கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்.

முப்பது வருடம் பட்டினி கிடந்திருக்கிறேன். பசிக்கிறது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் விரதம் என்று நினைத்திருந்தேன். பசி என்பது அடுத்தவரிடம் கையேந்த வைப்பது, அதற்காகத்தான் அது நமக்கு விதிக்கப்பட்டது என்று ஏன் எனக்குத் தோன்றவே இல்லையோ தெரியவில்லை.

"சகாயம்" என்றேன். "எனக்குப் பசிக்குதுடா."

அவன் கை தட்டிலேயே நின்றது. சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது.

"ஒருசந்திக்கா" என்றான் மெதுவாக.

"தெரியும். சோறு போடச் சொல்லு."

ஸ்டெல்லா தட்டோடு வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்களுக்கு உப்பு போட்டு சாம்பார் தனியா வெச்சிருக்கேன் அண்ணி, அத ஊத்தட்டுமா?"

"அவன் சாப்புடறதையே போடு."

தரையில் அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கைகழுவ ஸ்டெல்லா சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். முதல் வாய் எடுத்து வைத்தேன். உப்பில்லாத சோறு அவ்வளவு சுலபத்தில் உள்ளே போகாது. காலையிலிருந்து ஈரம் காணாத தொண்டை வேறு. இரண்டாவது வாயில் விக்கல் பிடித்துக்கொண்டது. அழுகையும் சேர்ந்துகொண்டதால் நிற்கவேயில்லை. ஸ்டெல்லா தம்ளர் எடுக்க உள்ளே ஓடினாள்.

சகாயம் காத்திருக்கவில்லை. ஸ்டூலிலிருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, என் பக்கம் நீட்டினான். அதில் ராத்திரிவரைக்கும் அவனுக்கு இரண்டு கோடு மிச்சமிருந்தது. வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"குடிக்கா" என்றான். "நான் சமாளிச்சிக்கிறேன்."

வாங்கிக் குடித்தேன்.